மார்த்தா ஃபோல்க்மரின் கல்

தாயின் கல்லறைக் கல்லில் ஒட்டியிருந்த மஞ்சள் தாளை யாரோ பிள்ளைகளின் சேட்டை என்றுதான் யோசெஃப் முதலில் நினைத்தார். வெள்ளிக்கிழமை வழக்கப்படி மனைவி ஆக்னஸின் கல்லறைச் செடிகளுக்கு ஊற்றிவிட்டு, மீதித் தண்ணீரோடு வேலியோரம் வந்திருந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து படித்தார். இடத்துக்கான குத்தகைக் காலம் முடிந்துவிட்டது, உறவினர் யாரேனும் இருந்தால் கோயில் பங்கு அலுவலகத்துக்கு வரவும் என்று அச்சடித்திருந்தது. பக்கத்துக் கல்லிலும் மஞ்சள். அதற்கு அடுத்ததிலும் மஞ்சள். வரிசை முழுக்க, ஏலத்துக்கு நிற்கும் மாடுகளுக்குச் சீட்டு ஒட்டியதுபோல.

வேலியோர வரிசை அகதிகளின் வரிசை. நோர்ட்லோவில் யாரும் அதை அப்படிச் சொல்வதில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். உலகப் போர் முடிந்த மறுவருடம் கிழக்கிலிருந்து மாடு ஏற்றும் ரயிலில் வந்து இறங்கியவர்கள் செத்தால் அங்கேதான் இடம். ஊரின் பண்ணைக் குடும்பங்களுக்கு நடுப்பாதையின் இரண்டு பக்கமும் பரம்பரைக் கல்லறைகள். ஒவ்வொன்றிலும் ஆளுயரக் கல், கல்லில் பண்ணையின் பேர் பெரிதாக, அதற்குக் கீழே ஆட்களின் முதல் பேர் மட்டும் சின்னதாக. பேர் பண்ணைக்குச் சொந்தம், ஆட்கள் வந்து போகிறவர்கள் என்று கல்லே சொல்லிவிடும்.

பங்கு அலுவலகத்தில் ஹோல்ஷர் அம்மாள் கணினியிலிருந்து தலையைத் தூக்கிச் சிரித்தாள்.

"வாங்க வெஸல்காம்ப். உங்க கல்லறைக்கு ஒண்ணும் இல்லையே? அது பரம்பரை இடம், யாரும் கை வைக்க மாட்டாங்க."

"அதுக்கு வரலம்மா. எங்கம்மாவோட கல்லுக்கு வந்தேன். மார்த்தா ஃபோல்க்மர்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "அந்தப் பேர்ல உறவு யாராவது உண்டான்னு தேடினேனே. ஊர்ல ஒருத்தரும் இல்ல. அதான் தாள் ஒட்டச் சொன்னேன்."

"நான் இருக்கேன்."

"நீங்க வெஸல்காம்ப் ஆச்சே."

சொன்ன பிறகுதான் அவளுக்கே என்னவோ போலிருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டாள். புதுப்பிக்க முடியாது என்றாள். வரிசை முழுவதையும் எடுத்துவிட்டுப் புல்வெளி ஆக்கப்போகிறார்கள், கோடைக்குள் வேலை முடிய வேண்டும். கல் வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளலாம்.

"சில பேர் வீட்டுத் தோட்டத்துல வச்சுக்கறாங்க."

"தோட்டத்துலயா? எங்கம்மா என்ன, கோழி தண்ணி குடிக்கிற தொட்டியா?"

"கோவிச்சுக்காதீங்க. இன்னொரு வழி இருக்கு. உங்க குடும்பக் கல்லறைக்குள்ளயே ஓரமா வச்சுக்கலாம். சாமியாரும் ஒத்துக்குவார். உரிமைக்காரர் ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்."

"கொடுங்க, போட்டுடறேன்."

"நீங்க இல்லையே. பண்ணையை மகன் பேருக்கு எழுதினப்பவே அதுவும் சேர்ந்து போயிடுச்சு. லூட்கர்தான் போடணும்."

யோசெஃப் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மகனிடம் ஒரு கையெழுத்து. அதற்கென்ன என்றுதான் சைக்கிளை எடுக்கும்வரை நினைத்தார். வீட்டுத் திருப்பம் வந்ததும் அவ்வளவு நிச்சயமாகத் தோன்றவில்லை.

ஃபோல்க்மர் என்ற பேர் அந்த ஊரில் எழுத்தாக இருந்த ஒரே இடம் அந்தக் கல்தான். மனிதர் யார்மேலும் அது இல்லை. அவர் மேலேயே இல்லை.

யோசெஃப் பதினோரு வயதில் நோர்ட்லோவுக்கு வந்தான். தாயும் மகனும், ஒரு மூட்டை, ஒரு கோழிக்கூடை, கூடைக்குள் கோழி இல்லை. கிளாட்ஸ் மலைநாட்டில் அவர்கள் இருந்த பள்ளத்தாக்கில் ஃபோல்க்மர் என்று கூப்பிட்டால் பத்து வீட்டுக் கதவு திறக்கும் என்பாள் மார்த்தா. பேக்கரிக்காரன் ஃபோல்க்மர், கோயில் மணி அடிப்பவன் ஃபோல்க்மர், அவனோடு பேச்சுவார்த்தை இல்லாத அண்ணனும் ஃபோல்க்மர். போரில் தோற்று எல்லை மாறியதும், புதிதாக வந்த அரசாங்கம் ஊரையே காலி செய்யச் சொன்னபோது, ஒரு ரயில் ஒரு பக்கம், இன்னொரு ரயில் இன்னொரு பக்கம் என்று அத்தனை பேரும் சிதறிப் போனார்கள். அப்பா போரில், ரஷ்யாவில் எங்கோ விழுந்தவர் விழுந்ததுதான். எங்கே என்று சொல்லவும் ஆளில்லை.

அவர்களை வெஸல்காம்ப் பண்ணையில் தங்க வைக்கும்படி அதிகாரிகள் உத்தரவு போட்டார்கள். பெரியவர் வெஸல்காம்ப் உத்தரவை இரண்டு தரம் படித்துவிட்டு, பன்றித் தீவனம் அவிக்கும் அறைக்கு மேலே இருந்த மச்சைக் காட்டினார். "சூடா இருக்கும்" என்றார். சூடாகத்தான் இருந்தது. நாற்றமும் இருந்தது. ஊர்ப் பிள்ளைகள் அவனுக்கு 'மூட்டைத் தூக்கி' என்று பேர் வைத்தார்கள். வந்த எல்லோருக்கும் அதே பேர்தான்.

மார்த்தா வாய் சும்மா இருக்கிறவள் இல்லை. "நம்ம ஆளுங்க அறுநூறு வருஷத்துக்கு முன்னாடி இந்தச் சமவெளிப் பக்கத்துலேர்ந்துதான் காடு வெட்டக் கோடாலியைத் தூக்கிட்டுக் கிழக்கே போனாங்களாம். உங்க தாத்தா சொல்லுவார். இப்பத் திரும்பி வந்திருக்கோம், இவங்களுக்கு அடையாளம் தெரியலையாம்" என்பாள். கிறிஸ்துமஸுக்குக் கசகசாவைப் பாலில் ஊறவைத்து இனிப்புச் செய்து பண்ணைக்காரர்களுக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தாள். கசகசா தின்றால் புத்தி மழுங்கும் என்று பெரியவரின் மனைவி அதைப் பன்றிக்குப் போட்டாள். பன்றிகளின் புத்தி அதனால் கெட்டுப்போனதாகத் தெரியவில்லை என்று மார்த்தா பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பண்ணையின் இரண்டு ஆண் பிள்ளைகளும் போரிலிருந்து திரும்பவில்லை. மிஞ்சியது ஆக்னஸ். யோசெஃப் பள்ளிக்கூடம் முடித்துப் பண்ணையாள் ஆனான், பிறகு மாடு, குதிரை, டிராக்டர் எல்லாம் அவன் கைக்கு வந்தன. ஆக்னஸுக்கு அவனைவிட மூன்று வயது கூட. பால் கறக்கும்போது இரண்டு பேரும் ஒரே பக்கம் உட்கார ஆரம்பித்ததைப் பெரியவர் பார்த்தார். பார்த்தும் ஒரு வருடம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் ஒருநாள் வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தவனிடம் வந்து, முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"நீ உழைக்கிறவன். அதுல குறை இல்ல. ஆனா இந்த முற்றத்துல நிக்கிறவன் வெஸல்காம்ப்பாத்தான் நிக்கணும்."

இது அவர் புதிதாகக் கண்டுபிடித்த நிபந்தனை இல்லை. அந்தப் பக்கத்தில் காலங்காலமாக அப்படித்தான். பெண் வாரிசானால் வீட்டோடு வரும் மாப்பிள்ளை தன் பேரை வாசலில் விட்டுவிட்டுப் பண்ணையின் பேரை எடுத்துக்கொள்வான். வாசலில் செருப்பைக் கழற்றுவதுபோல. வெஸல்காம்ப் பண்ணையில் இதற்கு முன்னாலும் மாப்பிள்ளைகள் வந்திருக்கிறார்கள். எல்லோரும் பக்கத்து ஊர்க்காரர்கள், அவர்கள் விட்டு வந்த பேரைச் சுமக்க வீட்டில் அண்ணன் தம்பிகள் இருந்தார்கள்.

யோசெஃப்புக்கு அண்ணனும் இல்லை தம்பியும் இல்லை.

"பத்து விரல் உழைப்பும் போதாதுன்னு பேரையும் கேட்டாங்களா?" என்றாள் மார்த்தா. "வீட்டை எடுத்துக்கிட்டாங்க, மாட்டை எடுத்துக்கிட்டாங்க, சரி, அவங்க கையில துப்பாக்கி இருந்துச்சு. இவர் கையில என்னடா இருக்கு?"

"பண்ணை இருக்கும்மா."

"ஆமா. அது துப்பாக்கியை விடப் பெருசுதான்."

சட்டப்படி முதலில் கல்யாணம், அதற்கப்புறம் பேர் மாற்ற மனு. மாவட்ட அலுவலகம் மனுவைப் பார்த்து முடிக்க ஒரு குளிர்காலம் ஆனது. அந்தக் குளிர்காலம் முழுக்க ஆக்னஸ் சட்டப்படி ஃபோல்க்மர் அம்மாள். ரொட்டிக் கடைக்காரன் கேலியாகக் கூப்பிட்டான், அவள் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்த்தாள். மார்த்தா கேலி இல்லாமல் கூப்பிட்டாள். மச்சுக்கு வரவழைத்துக் கசகசா இனிப்புக் கொடுத்தாள். "எனக்கு இந்தப் பேரே நல்லாத்தான் இருக்கு அத்தை" என்று ஆக்னஸ் ஒருநாள் சொன்னாள். மார்த்தா அதை நம்பினாள். பொய்யும் இல்லை. ஆனால் ஆக்னஸ் அதைத் தன் அப்பாவிடம் சொல்லவில்லை. வசந்தத்தில் உத்தரவு வந்தது, பெரியவர் சாராயப் புட்டியைத் திறந்தார், மார்த்தா மட்டும் கீழே இறங்கி வரவில்லை.

அன்றிலிருந்து ஊர் அவனை முகத்துக்கு நேரே வெஸல்காம்ப் என்றது. முதுகுக்குப் பின்னால், சீட்டாட்ட மேசையில், அவன் மூட்டைத் தூக்கிதான்.

மார்த்தா சாகும்போது பெரியவர் உயிரோடு இருந்தார். குடும்பக் கல்லறையில் தாய்க்கு இடம் கேட்டான் யோசெஃப். "அது பண்ணையோட கல்லறை" என்றார் பெரியவர். "அப்பா போனப்புறம் மாத்திக்கலாம், விடு" என்றாள் ஆக்னஸ். அப்பா போனார். பன்றி விலை விழுந்தது, புதுத் தொழுவம் கட்டினார்கள், ஆக்னஸுக்கு மார்பில் கட்டி வந்தது, அவளும் போனாள். மாற்றிக்கொள்ளலாம் என்ற பேச்சு எங்கோ நடுவில் விட்டுப்போனது.

மஞ்சள் தாள் ஒட்டிய அந்த மாதத்தில் லூட்கர் வேறு ஒரு விஷயத்தில் மும்முரமாக இருந்தான். அமெரிக்காவிலிருந்து வெஸல்காம்ப்கள் வருகிறார்கள். ஓஹையோவில் அந்தப் பேரில் ஒரு பெரிய கூட்டமே இருக்கிறதாம். நூற்றைம்பது வருடத்துக்கு முன் இந்தப் பண்ணையிலிருந்து கப்பலேறிப் போன ஒருவனின் சந்ததி. வேரைத் தேடி ஒரு பஸ் நிறைய வருகிறார்கள். லூட்கர் வாசல் விட்டத்துக்குப் புது வர்ணம் அடித்தான். மருமகள் அன்னெகிரெட் ஒரு வாரமாக ஜன்னல் துடைத்தாள்.

ஞாயிறு மதியம் காப்பிக்கு உட்கார்ந்தபோது யோசெஃப் காகிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். விஷயத்தைச் சொன்னார். லூட்கர் கேக்கை மென்றுகொண்டே படித்தான்.

"இப்ப எதுக்குப்பா இது? அவங்க வந்துட்டுப் போகட்டும்."

"அவங்களுக்கும் எங்கம்மாவுக்கும் என்னடா?"

"கல்லறைக்குத்தான் முதல்ல வர்றாங்க. படம் எடுப்பாங்க. அங்க போய், வெஸல்காம்ப்னு இவ்ளோ பெருசா எழுதின இடத்துல, யாருன்னே தெரியாத ஒரு பேரு ஓரமா நின்னுட்டிருந்தா?"

"யாருன்னே தெரியாத பேரா?"

அன்னெகிரெட் காப்பிக் கெட்டிலைத் தூக்கினாள். "மாமா, இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா?"

"என் கோப்பை நிறைஞ்சிருக்கும்மா. அவன் பதில் சொல்லட்டும்."

லூட்கர் காகிதத்தை அலமாரியில் கடிகாரத்துக்குப் பின்னால் செருகினான். "அப்புறம் பாக்கலாம்னுதானே சொல்றேன். முடியாதுன்னா சொன்னேன்?"

அப்புறம் பார்க்கலாம் என்பதைக் கேட்டுக் கேட்டு யோசெஃப்பின் காது மரத்துப்போயிருந்தது. இருந்தாலும் மேலே வாதாடாமல் எழுந்து போய்விட்டார்.

பஸ் வந்தது. இறங்கிய எல்லோருக்கும் ஒரே பச்சைச் சட்டை, முதுகில் வெஸல்காம்ப் என்று வளைத்து எழுதி, கீழே ஒரு பன்றிப் படம். அங்கேயும் பன்றிதான் வளர்க்கிறார்களாம். நல்ல மனிதர்கள். தொழுவத்தைப் பார்த்ததும் தீவன விலை கேட்டார்கள், மூக்கைப் பொத்தவில்லை. மொழிபெயர்க்க ரென்ஸிங் வாத்தியாரை லூட்கர் ஏற்பாடு செய்திருந்தான். ஓய்வு பெற்ற பிறகு ஊர் வரலாற்றையே தொழிலாக வைத்துக்கொண்டவர், கழுத்தில் டை.

கூட்டத்துக்குத் தலைவி டோலோரஸ் என்ற எழுபது வயதுக்காரி. நடுப்பாதையில், வெஸல்காம்ப் கல்லின் முன்னால், அவள் யோசெஃப்பின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவள் கண்ணில் தண்ணீர்.

"எங்க தாத்தாவோட அதே மூக்குங்கறாங்க" என்றார் ரென்ஸிங்.

எல்லோரும் யோசெஃப்பின் மூக்கைப் படம் எடுத்தார்கள். கிளாட்ஸ் மலையில் பேக்கரிக்காரனுக்கும் மணி அடிக்கிறவனுக்கும் இருந்த மூக்கு.

"வாத்தியாரே, இவங்ககிட்டச் சொல்லுங்க. நான் இந்த வீட்டுக்கு மாப்பிள்ளையா வந்தவன். என் மூக்கு ஃபோல்க்மர் மூக்கு. எங்கம்மா அந்த வேலியோரம் இருக்காங்க. வேணும்னா கூட்டிட்டுப் போய்க் காட்டறேன்."

ரென்ஸிங் லூட்கரைப் பார்த்தார். லூட்கர் தரையைப் பார்த்தான். ரென்ஸிங் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார், கூட்டம் கை தட்டியது.

"என்ன சொன்னீங்க?"

"உங்களைப் பார்த்ததுல சந்தோஷம்னு நீங்க சொன்னதாச் சொன்னேன்."

"நான் அதைச் சொல்லலையே."

"யோசெஃப், கடல் தாண்டி வந்திருக்காங்க. கொஞ்சம் பெருந்தன்மையா இருங்க."

"அப்ப இதையாவது சொல்லுங்க. கப்பலேறிப் போனானே இவங்க முப்பாட்டன், அவனோட அப்பன் யாரு? டேகலர் வீட்டுலேர்ந்து மாப்பிள்ளையா வந்தவன். முதல் பொண்டாட்டிதான் இந்த வீட்டுப் பொண்ணு. அவ செத்தா. ரெண்டாவதாக் கட்டினது வேற ஊர்க்காரியை. அவ பெத்த பிள்ளைதான் இவங்க ஆளு. வெஸல்காம்ப் ரத்தம் இவங்ககிட்ட ஒரு சொட்டுக் கிடையாது. நீங்களே சாராயக் கடையில எத்தனை தடவை சொல்லிச் சிரிச்சிருக்கீங்க."

அது ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கதைதான். சொல்பவரைப் பொறுத்துச் சிரிப்பு கூடும் குறையும். ரென்ஸிங்கின் கழுத்து சிவந்தது.

"அது சாராயக் கடை. இது கல்லறை."

டோலோரஸ் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "என்ன சொல்றார்?" என்று கேட்டிருக்க வேண்டும். ரென்ஸிங் இன்னும் நீளமாக ஏதோ சொன்னார். அவள் யோசெஃப்பின் தோளை அணைத்துக்கொண்டு கல்லுக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். படம் எடுத்தார்கள். கல்லில் வெஸல்காம்ப் என்ற பேருக்குக் கீழே ஆக்னஸின் பேர் இருந்தது, அதற்குக் கீழே யோசெஃப் என்ற பேரும் பிறந்த வருடமும். ஆக்னஸ் செத்தபோது ஒரே செலவாகப் போகட்டும் என்று லூட்கர் அதையும் சேர்த்து வெட்டவைத்திருந்தான். சாகும் வருடத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தது. உயிரோடு இருக்கும் ஆள் தன் கல்லுக்குப் பக்கத்திலேயே நிற்பதைப் பார்த்து அமெரிக்கக்காரர்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

பஸ் போன மறுநாள் காலை, குட்டி போட்ட பன்றிகளின் கொட்டிலில் லூட்கரைப் பிடித்தார் யோசெஃப்.

"போயிட்டாங்க. இப்பக் கையெழுத்துப் போடு."

லூட்கர் ஒரு குட்டியைத் தாயின் காலடியிலிருந்து இழுத்து ஓரமாக விட்டான். "நேத்து நீங்க பண்ணினதுக்கா?"

"நான் என்ன பண்ணினேன்? பேசினேன். அதுவும் அவங்க காதுக்குப் போகல."

"ஊர்க்காரங்க காதுக்குப் போச்சு. பாதி ஊரு வேலிக்கு அந்தப் பக்கம் நின்னுச்சு. சாயந்திரமே சாராயக் கடையில பேச்சு. மூட்டைத் தூக்கிக்குக் கடைசிக் காலத்துல பழைய மூட்டை ஞாபகம் வந்திருச்சாம்."

"சொல்லிட்டுப் போறான். எனக்குப் பழக்கம்."

"எனக்குப் பழக்கம் இல்ல." லூட்கர் நிமிர்ந்தான். அவனுக்கும் நாற்பத்து மூன்று வயது, தலையில் பாதி வழுக்கை. "பள்ளிக்கூடத்துல என்னை எப்படிக் கூப்பிட்டாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா? நீங்க ஒரு நாளாவது கேட்டீங்களா? மூட்டைத் தூக்கி மகன். மூக்குல ரத்தம் வர்ற வரைக்கும் அடிச்சுக்கிட்டேன், நான் வெஸல்காம்ப்னு. இந்தப் பேரை நீங்க மனு போட்டு வாங்கினீங்க. நான் அடி வாங்கி வாங்கினேன்."

யோசெஃப் கொட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். இதை அவர் கேட்டதில்லை என்பது உண்மைதான்.

"அதுக்கு உன் பாட்டி என்னடா பண்ணுவா? உன்னை மடியில வச்சு வளர்த்தவ."

"நல்ல பாட்டிதான். நான் இல்லைங்கலை. ஆனா அந்தக் கல்லு நடுப்பாதைக்கு வந்துச்சுன்னா, கோயிலுக்குப் போறவன் வர்றவன் எல்லாம் அதைப் படிச்சுட்டுத்தான் போவான். என் பிள்ளைங்களும் அங்கேயே ஆரம்பிக்கணுமா? வேணாம்பா. தொழுவத்துக்குப் பின்னாடி வச்சுக்கங்க. வேலி போட்டுத் தரேன், பூச்செடி வச்சுத் தரேன். உள்ள வேணாம்."

"தொழுவத்துக்குப் பின்னாடி."

"ஏன், நல்ல இடம்தானே?"

"நாங்க வந்தப்பவும் உங்க தாத்தா அந்தப் பக்கம்தான் காட்டினார்" என்றார் யோசெஃப்.

அந்தக் காகிதம் கடிகாரத்துக்குப் பின்னாலேயே இருந்தது. அன்னெகிரெட் ஒரு தரம் தூசி தட்டும்போது எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தாள். மாமனாருக்குப் பிடித்த புளிக்கவைத்த முட்டைக்கோஸும் உப்புக்கண்டமும் இரண்டு நாள் தொடர்ந்து செய்தாள். அவளால் செய்ய முடிந்தது அவ்வளவுதான். யோசெஃப் சாப்பிட்டார், நன்றாக இருக்கிறது என்றார்.

ஆகஸ்டில் வேலியோர வரிசையைக் காலி செய்ய ஆட்கள் வந்தார்கள். யோசெஃப் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு நின்று பார்த்தார். ஒரு சின்ன எந்திரம், இரண்டு வாலிபர்கள். பெரிய கல்லுக்கு எந்திரம், சின்ன கல்லுக்குக் கை. மார்த்தாவின் கல் சின்னது. அன்றைக்கு அவரால் வாங்க முடிந்தது அதுதான்.

"உங்க ஆளுங்களா பெரியவரே?" என்று கேட்டான் ஒருவன். "வேணும்னா ஓரமா வச்சுடறோம். வண்டி கொண்டுவந்து எடுத்துக்கங்க."

"இதெல்லாம் எங்க போகுது?"

"உடைக்கிற ஆலைக்கு. ஜல்லியாக்கி ரோட்டுக்குப் போடுவாங்க."

யோசெஃப் கொஞ்ச நேரம் யோசித்தார். தொழுவத்தின் பின்பக்கம் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். எரு மேடு, பழைய டயர்கள், மழை பெய்தால் கணுக்கால்வரை சேறு. வேலி போட்டாலும் அது தொழுவத்தின் பின்பக்கம்தான்.

"ஏத்துங்க" என்றார். பையன் தனியாகத் தூக்கத் திணறியபோது மறுபக்கம் அவரே பிடித்தார். மார்த்தா ஃபோல்க்மர் என்ற எழுத்து மேலே பார்த்தபடி அது வண்டியில் மற்ற கற்களின்மேல் சாய்ந்து கிடந்தது. அடுத்த கல்லை அதன்மேல் போட்டார்கள்.

அங்கிருந்து நேரே பங்கு அலுவலகத்துக்குப் போனார். ஹோல்ஷர் அம்மாள் அவர் கை மண்ணைப் பார்த்துக் கை துடைக்கக் காகிதம் கொடுத்தாள்.

"அந்தப் புல்வெளியில இடம் கொடுப்பீங்களாமே?"

"கொடுக்கறோம். யாருக்கு?"

"எனக்கு."

அவள் சிரிக்கப் போனாள், நிறுத்திக்கொண்டாள். "உங்களுக்கு ஆக்னஸ் பக்கத்துல இடம் இருக்கே. பேரே வெட்டியிருக்கே. இங்க பாருங்க, புல்வெளின்னா கல்லு கிடையாது, பேர்ப்பலகை கிடையாது, மெழுகுவர்த்தி, பூ ஒண்ணும் கிடையாது. மேல எந்திரம் ஓட்டிப் புல் வெட்டுவாங்க. யார் எங்க இருக்காங்கன்னு எங்களுக்கு மட்டும்தான் தெரியும்."

"அது தெரிஞ்சுதான் வந்தேன். வேலியோரமா, நடுவாக்குல எங்கம்மா இருந்த இடம். அங்க கிடைக்குமா?"

"அவங்க இருந்த இடத்துலயே..." அவள் வரைபடத்தைப் பார்த்தாள். "கிடைக்கும். ஆனா லூட்கர்கிட்டக் கேட்டீங்களா?"

"இதுக்கும் அவன் கையெழுத்து வேணுமா?"

"இல்ல. இது உங்க இஷ்டம்."

யோசெஃப் கையெழுத்துப் போட்டார். வெஸல்காம்ப் என்றுதான் போட்டார். வேறு எப்படிப் போட்டாலும் செல்லாது.

வெளியே வந்து ஆக்னஸின் கல்லறைக்குப் போனார். அவளிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நாற்பத்து மூன்று வருடம் ஒரே கட்டிலில் படுத்தவள். அவளோடு அவருக்குச் சண்டை எதுவும் இல்லை, அவள் அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்பதைத் தவிர. அந்த ஒரு வார்த்தையையும் அவர் இத்தனை வருடத்தில் கேட்டதில்லை. செடிகளில் காய்ந்த பூக்களைக் கிள்ளினார். பையில் போட்டுக்கொண்டார்.

விஷயத்தை மாலைச் சாப்பாட்டில் சொன்னார். அன்னெகிரெட் கறுப்பு ரொட்டியை வெட்டிக்கொண்டிருந்தாள், கத்தி நின்றது.

"புல்வெளியிலயா?" என்றான் லூட்கர். "யாரும் இல்லாத அநாதைங்களைப் போடற இடம்பா அது."

"ஆமா."

"அம்மாவை அங்க தனியா விட்டுட்டா?"

"உங்கம்மா தனியா இல்ல. அவங்கப்பா இருக்கார், தாத்தா இருக்கார், அத்தனை வெஸல்காம்ப்பும் இருக்காங்க. எங்கம்மாதான் தனியா இருக்கா."

"அந்தக் கல்லுல உங்க பேரு வெட்டியிருக்கே, அதை என்ன பண்றது?"

"இருக்கட்டும். சாகற வருஷத்தை மட்டும் வெட்டாதீங்க. நான் அங்க இருக்க மாட்டேன்ல."

லூட்கரின் முகம் மெல்ல மெல்ல மாறியது. ஞாயிறு பூசை முடிந்து வருகிற ஊர் முழுவதும் நடுப்பாதையில் நின்று அந்தக் கல்லைப் படிப்பது அவனுக்குக் கண்முன் வந்திருக்க வேண்டும். பிறந்த வருடம், அப்புறம் ஒன்றுமில்லை. மாப்பிள்ளை எங்கே என்று ஒருவன் கேட்பான், இன்னொருவன் சொல்வான். வருடா வருடம் கேட்பார்கள்.

"ஊரு கேக்கும்பா."

"கேக்கட்டும். நீ இருப்பல்ல, சொல்லு."

லூட்கர் எழுந்தான். கடிகாரத்துக்குப் பின்னாலிருந்து காகிதத்தை எடுத்தான், இழுப்பறையில் பேனாவைத் தேடினான். அன்னெகிரெட் தன் ஏப்ரன் பையிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். நின்றபடியே கையெழுத்துப் போட்டான். "இந்தாங்க. நாளைக்கே போய்க் கல்லை எடுத்துட்டு வரேன். நடுப்பாதையில, உங்க பேருக்கு நேரா வைக்கறேன். போதுமா? அந்தப் புல்வெளிக் காகிதத்தைக் கிழிச்சுப் போடுங்க."

யோசெஃப் அவன் நீட்டியதை வாங்கிக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார். நல்ல கையெழுத்து. சின்ன வயதிலேயே அவன் கையெழுத்து அழகு.

"கல்லு இல்லப்பா. மத்தியானமே வண்டி போயிடுச்சு."

"எங்க?"

"ஜல்லி உடைக்க."

"நீங்க அங்க நின்னீங்களா? நிறுத்தச் சொல்ல வேண்டியதுதானே?"

"ஏத்தும்போது ஒரு பக்கம் நான்தான் பிடிச்சேன்."

லூட்கர் உட்கார்ந்தான். தொழுவத்தில் தீவன எந்திரம் தானாக ஓட ஆரம்பித்தது, பன்றிகள் கத்தின.

"வேற கல்லு செஞ்சிடலாம்" என்றான் லூட்கர். "அதே மாதிரி."

"யார் பேருல ரசீது போடுவான் கல்வெட்டுறவன்?" என்று கேட்டார் யோசெஃப். "வெஸல்காம்ப் பேருலதானே? எங்கம்மாவுக்கு வேணாம்."

அன்னெகிரெட் அவர் தட்டில் ஒரு துண்டு ரொட்டி வைத்தாள். அவர் அதில் வெண்ணெயைத் தடவினார், ஓரம்வரை இழுத்துத் தடவினார், சாப்பிட்டார். லூட்கர் ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு தொழுவத்துக்குப் போனான். கையெழுத்துப் போட்ட காகிதம் வெண்ணெய்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில் கிடந்தது. அதை எடுப்பதா விடுவதா என்று அன்னெகிரெட்டுக்குத் தெரியவில்லை. மேசையைத் துடைக்கும்போது அதைச் சுற்றியே துடைத்தாள்.